பக்கத்துத் தொடர்மாடிப் பிள்ளைகள் மதில் ஏறி வளவுக்குள் வருகிறார்கள், என்ன செய்யலாம்?

மதிலோரம் | சனி, இரவு 9.40

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் ஒரு ஒழுங்கையில் இருக்கிறோம். ஒழுங்கையில் மிஞ்சியிருக்கிற தனிவீடுகள் நாலுதான், மற்றதெல்லாம் தொடர்மாடியாகிவிட்டது. அப்பா 1979இல் வாங்கின வீடு. பின்வளவில் ஒரு ஜம்பு மரம், அப்பா ஊரிலிருந்து கன்று கொண்டுவந்து நட்ட கறுத்தக்கொழும்பான் மாமரம் ஒன்று, பாவிக்காத கிணறு ஒன்று. குசினிக்குப் பின்னால் பழைய சாமான் போடுகிற சாய்ப்பு இருக்கிறது. அதன் கூரை அஸ்பெஸ்டஸ் சீற்.

பக்கத்துத் தொடர்மாடியில் வாகனம் விடுகிற இடத்தில் பிள்ளைகள் பின்னேரம் கிரிக்கெட் விளையாடுவார்கள். ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஆறு பேர். பந்து எங்கள் வளவுக்குள் விழும். முதலில் கேற்றுக்கு வந்து "ஆன்ட்டி, போல்" என்று கேட்டார்கள், நானும் எடுத்துக் கொடுத்தேன். பிறகு நான் வேலைக்குப் போயிருக்கிற நேரத்தில் மதில் ஏறத் தொடங்கினார்கள். இப்போது பந்தே தேவையில்லை. ஜம்பு பிடுங்க வருகிறார்கள், ஒளிச்சுப் பிடிச்சு விளையாட வருகிறார்கள், சும்மாவும் வருகிறார்கள்.

அம்மாவுக்கு 81 வயது. போன வருடம் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் இயங்காது, பேச்சும் தெளிவில்லை. பகலில் உதவிக்கு ஒரு பெண் பிள்ளை இருக்கிறா. மூன்று கிழமைக்கு முன் அந்தப் பிள்ளை கடைக்குப் போன பத்து நிமிடத்தில் ஒரு பெடியன் அம்மாவின் யன்னலடியில் ஒளித்திருக்கிறான். 83 ஜூலைக் கலவரத்தில் இதே வீட்டில், இதே அறையில் விளக்கை அணைத்துவிட்டு எங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தவ அவ. மதில் பக்கம் சத்தம் கேட்டால் இன்றைக்கும் அவவுக்கு அதுதான் ஞாபகம். எழும்பவும் ஏலாது, கூப்பிடவும் ஏலாது. நான் வரும்போது படுக்கை நனைந்து, நடுங்கிக்கொண்டிருந்தா.

போன செவ்வாய் நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன். சாய்ப்புக் கூரையில் மூன்று பேர். ஒரு சீற் வெடித்திருந்தது. கத்திவிட்டேன். அன்று இரவே ஒரு பிள்ளையின் தாயிடம் போய்க் கதைத்தேன். "சின்னப் பிள்ளைகள்தானே, நாலு ஜம்புக்கு இந்தப் பாடா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டா.

கனடாவிலிருக்கிற தம்பி மதிலில் கண்ணாடி பதி, நாய் ஒன்று வாங்கு என்கிறான். முன்வீட்டு அங்கிள் பொலிசுக்குப் போ என்கிறார். பொலிசுக்குப் போனால் அதன் பிறகு அந்த ஒழுங்கையில் எப்படி முகம் கொடுப்பது? ஜம்பு எனக்குப் பெரிதில்லை. அம்மா பயமில்லாமல் படுத்திருக்க வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை13 | சனி, இரவு 10.05

அக்கா, தம்பி சொல்றது சரி. போத்தல் ஓடு பதியுங்கோ, ஒரு நாளில் நிற்கும். எங்கட பக்கம் பாதி மதிலில் அதுதான் இருக்கு. வயசான ஆக்கள் இருக்கிற வீட்டுக்குள்ள ஏறி வாறது விளையாட்டில்லை. தாய் தகப்பன் கதவைச் சாத்தினால் நாங்களும் சாத்தத்தான் வேணும்.

வார்ட்டில் இருபது வருடம் | சனி, இரவு 11.20

தங்கச்சி, கண்ணாடி பதிக்க வேண்டாம். சிறுவர் சத்திரசிகிச்சைப் பிரிவில் தாதியாக நீண்டகாலம் இருந்தவள் சொல்கிறேன். போத்தல் ஓடு மேலே வருகிறவனைத் தடுப்பதில்லை. ஏறும்போது கண்ணில் படும், சாக்கையோ காலுறையையோ போட்டுவிட்டு ஏறுவான். பயந்து திரும்பிக் குதிக்கும்போதுதான் வெட்டும். உள்ளங்கையில் நரம்பும் தசைநாரும் அறுந்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தைத்த பிறகும் விரல் மடக்க மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். சிலருக்கு முழுதாக மடங்குவதே இல்லை.

நீங்கள் எழுதினதில் எனக்கு நெஞ்சு திக்கென்றது இரண்டு இடத்தில், கூரையும் கிணறும்.

பழைய அஸ்பெஸ்டஸ் சீற் பார்க்கப் பலமாக இருக்கும். வெயிலும் மழையும் கடல்காற்றும் பட்டுப் பட்டு உள்ளே பொரபொரத்துப் போயிருக்கும். அடியில் குறுக்குச் சட்டம் இருக்கிற இடத்தில் கால் வைத்தால் தாங்கும், இரண்டு சட்டத்துக்கு நடுவில் வைத்தால் ஆளோடு கீழே வரும். மேசன் பாஸ்மார் கூட அதில் பலகை போட்டுத்தான் ஏறுவார்கள். கீழே பழைய சாமான் என்கிறீர்கள். இரும்பு, உடைந்த கதிரை, தகரம் எல்லாம் இருக்கும். தலை கீழாக விழுந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதவில்லை. வெடித்த சீற்றைக் கூட்டி அள்ளவும் வேண்டாம், தூள் சுவாசப்பைக்குக் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டு, உறையில் கட்டி வையுங்கள்.

கிணற்றுக்கு மூடி இருக்கிறதா?

மதிலோரம் | ஞாயிறு, காலை 6.15

அக்கா, கிணற்றின் மேல் பலகை இரண்டு போட்டிருக்கிறோம். உங்கள் பதிலை வாசித்துவிட்டு டோர்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒரு பலகை உக்கிப்போய்க் கையால் அழுத்தவே நொறுங்குது. அதற்கு மேல் ஒரு பந்தும் கிடந்தது. பிறகு நித்திரை வரவில்லை.

இவ்வளவு நாளும் அவர்கள் எங்களுக்கு என்ன செய்துவிடுவார்கள் என்றுதான் யோசித்தேன்.

புதுக்கடை கறுப்புக் கோட்டு | ஞாயிறு, காலை 8.50

சட்டத்தரணி என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் ஆவணங்களைப் பார்க்காமல் சொல்கிற பொது விளக்கம்தான், தேவையென்றால் நேரில் ஒருவரைப் பாருங்கள்.

எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவில் அத்துமீறல் குற்றம் இருக்கிறது. ஆனால் இன்னொருவருடைய வளவுக்குள் கால் வைத்தாலே அது குற்றமாகிவிடாது. குற்றம் செய்யவோ, அங்கிருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு கொடுக்கவோ எண்ணி நுழைந்திருக்க வேண்டும். பந்து எடுக்க வந்த எட்டு வயதுப் பிள்ளையிடம் அந்த எண்ணத்தைக் காட்டுவது கடினம்.

இதைவிடப் பெரிய விஷயம் வயது. முன்பு எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை செய்வது எதுவும் குற்றமில்லை என்றிருந்தது. 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதைப் பன்னிரண்டாக உயர்த்தியது. பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட பிள்ளை என்றால், தான் செய்வதன் தன்மையும் விளைவும் விளங்குகிற முதிர்ச்சி அதற்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும். உங்கள் ஆறு பேரில் ஐந்து பேர் அநேகமாகச் சட்டத்தின் கைக்கு வெளியே. பொலிஸ் செய்யக்கூடியது பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்வதுதான். ஆத்திரத்தில் போய் "இவர்களைப் பிடித்து உள்ளே போடுங்கள்" என்று நின்றால் வெறுங்கையோடுதான் திரும்பி வருவீர்கள்.

மறுபக்கம் சட்டம் கூர்மையானது. யாராவது பிடித்து இரண்டு அடி போட்டால், காதைத் திருகினால், கட்டிவைத்தால், அவர் மேலேயே வழக்கு வரலாம். உதவிக்கு இருக்கும் பிள்ளையிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

நட்டஈடு கேட்கலாமா என்றால், எங்களுடைய ரோமன் டச்சுச் சட்டத்தில் பெற்றவர் என்பதற்காக மட்டும் தகப்பன் பொறுப்பாவதில்லை. அவருடைய சொந்தக் கவனயீனத்தைக் காட்ட வேண்டும். "உங்கள் பிள்ளை இன்ன நாளில் எங்கள் கூரையில் ஏறியது, சீற் உடைந்தது, அது ஆபத்தான கூரை" என்று திகதி போட்டு எழுதிக் கொடுத்த கடிதம் இருந்தால், அதற்குப் பிறகு அவர்களால் "தெரியாது" என்று சொல்ல முடியாது. கடிதம் எழுதுங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

கிணறு விஷயத்தில் இதே நியாயம் உங்கள் பக்கமும் திரும்பும். பிள்ளைகள் வருவது உங்களுக்கு இப்போது தெரியும். மூடி உக்கியிருப்பதும் தெரியும். நாளை ஒன்று நடந்தால் "நான் கூப்பிடவில்லை" என்ற பதில் போதாது. முன்கூட்டியே தெரிந்த ஆபத்தைத் தடுக்க நியாயமான ஒருவர் என்ன செய்திருப்பார் என்றுதான் நீதிமன்றம் கேட்கும். நாயும் அப்படித்தான். வளர்ப்புப் பிராணி கடித்தால் உரிமையாளர் பதில் சொல்ல வேண்டி வரலாம். அத்துமீறி வந்தவன் என்று நீங்கள் வாதாடலாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு எதிராக அந்த வாதம் எவ்வளவு தூரம் போகும் என்று யோசியுங்கள்.

கதைத்தும் சரிவராவிட்டால் அடுத்த படி மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அயலவர் பிணக்குக்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் அபிப்பிராயம். எங்களைப் போன்ற சட்டத்தரணிகள் அங்கே ஆஜராக முடியாது, அதுவே பாதி நன்மை.

கொட்டாஞ்சேனை13 | ஞாயிறு, காலை 9.30

சேர், அப்ப வீட்டுக்காரருக்கு உரிமையே இல்லையா? ஏறி வாறவனுக்குப் பாதுகாப்பு, இருக்கிறவளுக்குக் கடமை. அந்த அம்மாவின்ட பயத்துக்கு எந்தப் பிரிவு இருக்கு?

புதுக்கடை கறுப்புக் கோட்டு | ஞாயிறு, காலை 9.55

கேட்கவேண்டிய கேள்விதான். உரிமை இருக்கிறது. மதிலை உயர்த்தலாம், கம்பிவலை அடிக்கலாம், கேற்றைப் பூட்டலாம், உள்ளே வந்தவரை வெளியே போகச் சொல்லலாம். பெரியவர்கள் தூண்டி அனுப்புகிறார்கள் என்றால் அவர்களுக்கு எதிராக முறைப்பாடு செய்யலாம். ஆனால் அந்த அம்மாவின் நித்திரையை எந்தத் தீர்ப்பும் திருப்பிக் கொடுக்காது, தம்பி. அதனால்தான் வேறு வழியைத் தேடச் சொல்கிறேன்.

கம்பி என்றதும் ஒன்று. மதிலுக்கு மின்சாரம் பாய்ச்சச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் காதிலேயே போடாதீர்கள். உயிர் போகும், அதற்குப் பிறகு சிறைதான்.

தெமட்டகொட உம்மா | ஞாயிறு, பகல் 1.10

நான் அந்தப் பக்கத்து ஆள். மதிலுக்கு அங்கால பிள்ளைகளை வச்சிருக்கிறவ. எனக்கு மூணு ஆம்புளப் புள்ளைங்க, தொடர்மாடியில நாலாவது மாடி, ரெண்டு அறை. இதை வாசிச்சிட்டு எழுதாம இருக்க முடியல.

எங்கட பில்டிங்லயும் இதேதான் நடந்திச்சி. பின்னால ஒரு பழைய வீடு, வெரளு மரமும் அம்பரெல்லா மரமும். பிள்ளைகளுக்கு விளையாட நிலம் இல்ல. விகாரமகாதேவி பூங்காவுக்கோ காலிமுகத்திடலுக்கோ கூட்டிட்டுப் போறதுன்னா ஞாயித்துக்கிழமை, ஓட்டோ காசு கையில இருந்தா மட்டும்தான். மத்த ஆறு நாளும் வாகனம் விடுற இடம்தான் மைதானம். அதுக்கும் மேல்மாடி ஆக்கள் சத்தம் போடாதேன்னு ஏசுவாங்க. இதுக்காக மதில் ஏறுறது சரின்னு நான் சொல்லல. ஏன் ஏறுறாங்கன்னு சொல்றன்.

அந்த வீட்டு அங்கிள் ஒருநாள் எல்லாருக்கும் முன்னால கீழ நின்டு சிங்களத்தில கத்தினாரு. என்ட மூத்தவனக் காட்டி "ஹொரா"ன்னாரு. கள்ளன்னு. ஒன்பது வயசுப் புள்ள. நாலு மாடி ஜன்னல்லயும் ஆக்கள் எட்டிப் பாத்தாங்க. அவன் செஞ்சது பிழைன்னு எனக்குத் தெரியும். ஆனா அந்த நேரத்தில என்ட வாயில மன்னிப்பு வரல, சண்டைதான் வந்திச்சி. நானும் "ஒரு வெரளுக்கா இப்படி"ன்னு கேட்டன். அந்தத் தாய் உங்களுக்குச் சொன்ன அதே வார்த்தை. வெக்கப்பட்ட தாய் அப்படித்தான் கதைப்பா தங்கச்சி. நீங்க செவ்வாய் கத்தினப்போ என்ன சொல்லிக் கத்தினீங்க?

மதிலோரம் | ஞாயிறு, பகல் 2.00

ராத்தா, நானும் அதைத்தான் சொன்னேன். கள்ளர் என்று. தமிழிலும் சொன்னேன், சிங்களத்திலும் சொன்னேன். மேலே பல்கனியில் ஆக்கள் நின்றார்கள்.

தெமட்டகொட உம்மா | ஞாயிறு, பகல் 2.25

அப்ப அந்தக் கதவு ஏன் சாத்தினிச்சின்னு விளங்குது.

எங்கட கதை எப்படி முடிஞ்சிச்சின்னு சொல்றன். அந்த அங்கிள்ட பொஞ்சாதி ரெண்டு நாள் கழிச்சு மேல வந்தா. கையில ஒரு கிண்ணத்தில அச்சாறு போட்ட வெரளு. வந்து பிள்ளைய ஏசல. "என்ட புருஷனுக்கு ஹார்ட் ஒப்பரேஷன் செஞ்சிருக்கு, பகல்ல சத்தம் கேட்டா பதறுறாரு"ன்னு சொன்னா. எனக்கு அதுவரைக்கும் அது தெரியாது. ஒரே மதில், ஆறு வருஷம், தெரியாது. அன்டைக்கு ராவு மூணு பேரையும் உக்காரவச்சி நானே சொன்னன். அதுக்குப் பொறகு என்ட புள்ளைங்க ஏறல. மத்த வீட்டுப் புள்ளைங்க ஏறினாலும் என்ட மூத்தவன்தான் இறங்கச் சொல்லுவான்.

உங்கட உம்மாவுக்கு ஏலாதுன்னு அந்தத் தாய்க்குத் தெரியுமா?

பம்பலப்பிட்டித் தாத்தா | ஞாயிறு, இரவு 8.15

கேட்டதற்குச் சற்று விலகின விஷயம், ஆனாலும் சொல்லி வைக்கிறேன். வருகிறவர்களைக் கண்டும் காணாமலும் விட்டுவிடுவது நல்ல மனம் என்று நானும் நினைத்திருந்தேன். எங்கள் பின்கேற்றால் ஒழுங்கைப் பிள்ளைகள் குறுக்கே ஓடிக் கடற்கரைக்குப் போவார்கள். பிறகு பெரியவர்களும் நடந்தார்கள். ஒரு நாள் நான் பூட்டுப் போட, "இது எங்கட பாதை, இத்தனை வருடமாகப் போகிறோம்" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். உரிமையாளரின் அனுமதி இல்லாமல், தன் உரிமை போலவே, பத்து வருடம் இடைவிடாமல் ஒரு பாதையைப் பாவித்தால் அதைக் கேட்டு வழக்காட இடமிருக்கிறது. 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், இன்றும் நடைமுறையில் உள்ளது. பந்து எடுக்க ஏறும் பிள்ளையால் அப்படி எதுவும் வந்துவிடாது. ஆனால் நடைபாதையாகிற இடங்களில் கவனமாக இருங்கள். "நான் அனுமதித்தேன், அதனால் வருகிறார்கள்" என்பது எழுத்தில் இருந்தால் அது உங்களுக்குத்தான் நல்லது. கறுப்புக் கோட்டுக்காரர் பிழையென்றால் திருத்தட்டும்.

புதுக்கடை கறுப்புக் கோட்டு | ஞாயிறு, இரவு 8.40

ஐயா சொல்வது சரி. அனுமதி கொடுத்து நடப்பவருக்கு அந்த உரிமை வளராது.

கிருலப்பனை வீட்டுக்காரி | திங்கள், காலை 7.05

எல்லாரும் அச்சாறு கொண்டு போங்கோ, பேசிப் பாருங்கோ என்கிறீர்கள். எனக்குச் சம்மதமில்லை, கோபிக்க வேண்டாம்.

நானும் அப்படிப் போனவள்தான். மூன்று தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் தலையாட்டினார்கள், அடுத்த நாள் பிள்ளை திரும்ப மதிலில் நின்றது. அதோடு மேலிருந்து தயிர்க் கோப்பை, பானப் பெட்டி, ஷொப்பிங் பை எல்லாம் எங்கள் வளவுக்குள் விழும். மழைக்காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். வாழையடியில் கிடந்த கோப்பையில் நுளம்புக் குடம்பி. 2007ஆம் ஆண்டு நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி இடத்தில் குடியிருப்பவர்தான் பொறுப்பு. "மேல் வீட்டார் எறிந்தது" என்று சொன்னேன், அதை அவர் எப்படி எழுதுவார்? நீதிமன்றத்துக்குப் போய்த் தண்டப்பணம் கட்டினது நான்.

தாய்மாரின் வெட்கம் எனக்கு விளங்குகிறது. ஆனால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டியது பெற்றவர்கள். அந்த வேலையை ஒரு நோயாளித் தாயைப் பராமரிக்கிற பெண்ணின் தலையில் கட்டுவது நியாயமில்லை. அவ கத்தினது பிழை என்கிறோம். அவட அம்மா நனைந்த படுக்கையில் கிடந்ததைப் பற்றி அந்தத் தொடர்மாடியில் ஒருவராவது கவலைப்பட்டார்களா?

பேசுங்கோ. ஆனால் பேச்சோடு எழுத்தும் இருக்கட்டும். கட்டடத்தின் முகாமைத்துவக் குழுவுக்குக் கடிதம் போகட்டும். கிழமைக்கு ஒரு தடவை வளவைச் சுற்றி விழுந்து கிடக்கிறதைப் படம் எடுத்து வையுங்கோ. மதிலுக்கு மேல் நாலு அடி வலை அடியுங்கோ. அது பந்தையும் தடுக்கும், கோப்பையையும் தடுக்கும்.

தெமட்டகொட உம்மா | திங்கள், காலை 7.50

நீங்க சொல்றதும் சரிதான் சகோதரி. அந்த உம்மாவைப் பத்தி நான் ரெண்டாவதாகத்தான் கேட்டன். முதல்ல கேட்டிருக்கணும்.

பரமானந்த விகாரைக்குப் பின்னால் | திங்கள், இரவு 10.30

நான் மதில் ஏறினவன். 90களில் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தேன், இப்போது மட்டக்குளியில் எனக்கே இரண்டு பிள்ளைகள்.

எங்கள் ஒழுங்கையில் எங்களுக்கு இரண்டு வீடு. ஒன்றில் ஒரு ஆச்சி, பந்து விழுந்தால் அரிவாள்மனையில் வைத்து இரண்டாகப் பிளந்து மதிலுக்கு மேலால் திருப்பி எறிவா. அந்த வீட்டுக்குள் நாங்கள் எத்தனை தடவை இறங்கினோம் என்று கணக்கே இல்லை. இரவில் கூட இறங்கியிருக்கிறோம். பூச்சட்டி உடைத்திருக்கிறோம். அவ எங்களுக்கு எதிரி, அவ்வளவுதான்.

மற்ற வீட்டில் ஒரு ரிட்டயர்ட் மாஸ்டர் இருந்தார். அவருடைய சட்டம் ஒன்றுதான்: அஞ்சு மணிக்குப் பெல் அடி, ஒருவன் மட்டும் உள்ளே வா, பந்தை எடு, கேற்றைக் கொண்டி போட்டுவிட்டுப் போ. அஞ்சு மணிக்கு முன் விழுந்த பந்து அஞ்சு மணி வரைக்கும் அவருடையது. எங்கள் எல்லாருடைய பெயரும் அவருக்குத் தெரியும். அவர் ஊருக்குப் போயிருந்த நேரம் யாரோ வெளி ஆள் பின்பக்கம் ஏறினதைப் பார்த்துக் கத்தி ஆட்களைக் கூட்டினது நாங்கள்.

அக்கா, அந்தப் பிள்ளைகளின் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

மதிலோரம் | செவ்வாய், காலை 5.50

தெரியாது தம்பி. ஆறு பேரில் ஒருவருடைய பெயர் கூடத் தெரியாது.

மதிலோரம் | மூன்று கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, மாலை 6.30

பதில் எழுதின எல்லாருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

முதல் வேலையாகக் கிணறு. வெல்டர் ஒருவர் வந்து அளவெடுத்து இரும்புக் கம்பிச் சட்டம் அடித்து, நாலு பக்கமும் கொங்கிரீட்டில் இறுக்கி, பூட்டும் வைத்துத் தந்தார். சாய்ப்புக் கூரையை முழுதாகக் கழற்றிவிட்டேன். பாஸ் நனைத்து நனைத்துத்தான் இறக்கினார், நான் பக்கத்தில் நின்றேன். இப்போது தகரம் போட்டிருக்கிறது. மதிலோரமாக இருந்த பழைய தண்ணீர்த் தொட்டியையும் அகற்றினேன், அதுதான் அவர்களுக்கு இறங்கும் படியாக இருந்திருக்கிறது. இவ்வளவு நாளும் அது என் கண்ணில் படவில்லை. தம்பி காசு அனுப்பினான். நாய்க்கு வைத்த காசு இதற்குப் போகட்டும் என்றான்.

பிறகு கடிதம். கறுப்புக் கோட்டு ஐயா சொன்ன மாதிரி திகதி போட்டு, குற்றம் சாட்டாமல், நடந்ததை மட்டும் எழுதினேன். கூரையையும் கிணற்றையும் பற்றியும், அம்மாவைப் பற்றியும் எழுதினேன். முகாமைத்துவக் குழுவுக்கு ஒன்று, நாலு வீடுகளுக்கு ஒவ்வொன்று. சிங்களத்தில் எழுதுவதற்கு அலுவலகத்தில் ஒருவர் உதவினார். பிள்ளைகள் மதில் ஏறுகிற கமராப் படத்தை ஒழுங்கை வட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லி முன்வீட்டு அங்கிள் கேட்டார். பிள்ளைகளின் முகத்தை அப்படிப் போட எனக்கு மனம் வரவில்லை.

கடிதத்தைக் கொடுக்கக் கதவைச் சாத்தின அந்தத் தாயிடமும் போனேன். வாசலில் நின்று முதலில் சொன்னது, "அன்றைக்கு உங்கட பிள்ளையைக் கள்ளன் என்றது பிழை, மன்னியுங்கோ" என்பதுதான். அவ ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தை நின்ற இடத்திலேயே வாசித்தா. அம்மாவைப் பற்றின இடத்துக்கு வந்ததும் "யன்னலடியில் நின்றது யார்?" என்று கேட்டா. தெரியாது என்றேன். உள்ளே போய் மகனைக் கூட்டி வந்தா. அவன்தான். எட்டு வயது. ஒளிச்சுப் பிடிச்சில் ஒளிக்க வந்ததாம். உள்ளே ஆச்சி இருந்ததே தனக்குத் தெரியாது என்று அழுதான். "ஆச்சி செத்துப் போவாவா?" என்று கேட்டான். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அடுத்த சனி நாலு பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிட்டேன், தாய்மாரோடு. கேற்றால் வந்தார்கள். அம்மாவின் அறைக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். எல்லாருடைய பெயரும் கேட்டேன். இப்போது ஆறும் தெரியும். மாஸ்டரின் சட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன்: அஞ்சு மணிக்குப் பெல், ஒருவர் மட்டும். பெல் அடிக்கிற வேலை பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்திக்கு. இவ்வளவு நாளும் மதிலில் முதலில் ஏறினதே அவதான் என்று பிறகு தெரிந்தது. ஜம்பு காய்க்கிற காலத்தில் ஞாயிறு காலை நானே பிடுங்கி ஒரு வாளி கொடுக்கிறதாகச் சொன்னேன்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டு வீட்டார் கடிதத்தை வாங்கவே இல்லை. அதில் ஒருவர் வாகனத் தரிப்பிடத்தில் நின்று, கேட்கட்டும் என்றே சத்தமாக ஏதோ சொன்னார். அவருடைய மகனுக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது, போன வியாழன் திரும்ப ஏறினான். நான் கத்தவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கேற்றைத் திறந்து, அதனால் போகச் சொன்னேன். அன்றிரவு திகதியையும் நேரத்தையும் கொப்பியில் எழுதினேன். இன்னொரு தடவை ஏறினால் மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பிப்பேன். கிருலப்பனை அக்கா சொன்ன வலை இன்னும் அடிக்கவில்லை, மழை விடட்டும் என்றிருக்கிறேன்.

அம்மா இன்னும் மதில் பக்கச் சத்தத்துக்கு விழிக்கிறா. ஆனால் அஞ்சு மணிப் பெல்லுக்கு விழிப்பதில்லை. நேற்றுப் பெல் அடிக்க ஐந்து நிமிடம் பிந்திவிட்டது. அம்மா மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு வலக்கையால் என் சேலையைப் பிடித்து இழுத்து, கேற்றைக் காட்டினா.

வார்ட்டில் இருபது வருடம் | ஞாயிறு, மாலை 7.10

வாசித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது தங்கச்சி. ஒன்று மட்டும் கேட்கிறேன். கிணற்றுச் சட்டத்தில் கம்பிக்குக் கம்பி இடைவெளி எவ்வளவு?

மதிலோரம் | ஞாயிறு, மாலை 7.25

மூன்று அங்குலம் அக்கா. கூடவா?

வார்ட்டில் இருபது வருடம் | ஞாயிறு, மாலை 7.30

சின்னப் பிள்ளையின் கால் போகும், எடுக்கிறது கஷ்டம். அதே வெல்டரைக் கூப்பிட்டு மேலே வலைத்தகடு ஒன்று ஒட்டச் சொல்லுங்கள். நுளம்பு புகாத நைலோன் வலையும் அதற்குக் கீழே விரித்துக் கட்டினால் பரிசோதகர் வந்தாலும் பிரச்சினையில்லை.

மதிலோரம் | ஞாயிறு, மாலை 7.35

நாளைக்கே வரச் சொல்கிறேன்.